ஏழு பேருக்கு மூன்று படுக்கை

கரூர்
3 ஜூன் 2024

அன்புள்ள புரொபசருக்கு,

போனில் பேசினால் பாதியில் வகுப்புக்கு ஓடிவிடுகிறாய். நம் வேகவதி மெல்லிசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாலோ ஆளுக்கொரு யோசனை சொல்லி என்னைக் கிறுக்காக்குகிறார்கள். கிறிஸ்டோபர், வண்டியின் கூரைமேல் டிரம்ஸ் வாசிக்க மேடை வேண்டும் என்கிறான். அதனால்தான் கூரியர். வண்டியின் படம் உள்ளே இருக்கிறது, மடிப்பு கிழியாமல் பிரி.

துர்கா வீட்டில் மகாராஜாவாக இருக்கிறேன். மாப்பிள்ளை தினம் ஒரு பட்டறைக்கு அழைத்துப்போகிறார். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஊர், கேட்க வேண்டுமா? பார்த்தவரை நமக்கு இரண்டு வழி. ஒன்று, ஈரோட்டில் ஒரு சுற்றுலாக்காரர் விற்கும் பழைய வேன். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்தால் தலை இடிக்கிறது, ஸ்பீக்கர் பெட்டி பின்கதவில் நுழையாது. இரண்டாவது, புதுச் சேசிஸ் வாங்கி, குப்புசாமி என்பவர் பட்டறையில் நமக்கென்றே பாடி கட்டுவது. எனக்கு இதில்தான் மனசு. ஆடி பிறப்பதற்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

தங்கமான மனுஷன். "ஏனுங்க, கச்சேரிக்காரங்களுக்கு எதுக்குங்க அடுப்பு? போற ஊர்ல சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

போன பங்குனியில் வாலாஜாபாத் லாட்ஜில் ஃபேன்கூட ஓடாமல் நீயும் லில்லியும் கிறிஸ்டோபரும் பட்ட பாடு இன்னும் என்னை உறுத்துகிறது. இனிமேல் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. படத்தைப் பார்த்து உன் இயற்பியல் மூளையைக் கொஞ்சம் செலவழி. லில்லி கையால் மீன்குழம்பு சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது, அதையும் அவளிடம் சொல்.

உன்
மாணிக்கம்

*

காஞ்சிபுரம்
7 ஜூன் 2024

அன்பு மாணிக்கம்,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. இரண்டாவது வழியே சரி. பழைய வேனில் நீ தலையை இடித்துக்கொண்ட காட்சியை மட்டும் கிறிஸ்டோபர் நடித்துக் காட்டினான். அது பொருத்தமாகவே இருந்தது.

படத்தைப் பற்றிச் சில. ஸ்பீக்கர் பெட்டிகள், ஜெனரேட்டர் இரண்டையும் குப்புசாமி பின் அச்சுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவ்வளவு எடையும் அங்கே இருந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். எல்லாவற்றையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தச் சொல். தண்ணீர்த் தொட்டி இடப்பக்கம் என்றால் எரிவாயு உருளை வலப்பக்கம் இருக்கட்டும். என் கீபோர்டைப் படுக்க வைக்க ஒரு நீண்ட அறை வேண்டும். ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம்.

இன்னொன்று. ஏழு இருக்கைகள் வரைந்திருக்கிறார், படுக்கைகளோ மூன்றே. தட்டு வைக்கும் சட்டத்திலும் மூன்று பிரிவுகள்தான். ஏழு பேர் முறை வைத்துத் தூங்குவதா, அல்லது நீயும் கலைவாணனும் குருவும் அனுவும் விழித்திருந்து எங்களுக்குக் காவல் இருப்பதாக வேண்டுதலா? வரைந்தவரின் கைத்தவறு என்று நினைக்கிறேன். மேலடுக்குப் படுக்கை போட்டால் ஏழும் அமையும். நான் அளந்து பார்த்துவிட்டேன், உயரம் போதும். திருத்தி வரைந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன்.

லில்லியிடம் மீன்குழம்புச் செய்தியைச் சொன்னேன், சிரித்தாள். பிறகு படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு முதுகுவலி அதிகம் போலிருக்கிறது.

உன்
சாமு

*

கரூர்
11 ஜூன் 2024

அன்புள்ள புரொபசருக்கு,

எடை விஷயத்தைக் குப்புசாமியிடம் சொன்னேன். "வாத்தியாருங்களா? கரெக்டாத்தான் சொல்லியிருக்காருங்க" என்று அப்போதே அழித்து வரைந்தார். கொசுவலை, கீபோர்டு அறை எல்லாம் உண்டு.

படுக்கை கைத்தவறு இல்லையப்பா. அந்த மூன்றும் உனக்கும் லில்லிக்கும் கிறிஸ்டோபருக்கும்தான். நாங்கள் நாலு பேரும் எப்போதும்போல விழாக் குழுக்காரர்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொள்வோம். எங்களுக்கு எதற்குக் கட்டில்? உங்களுக்குத்தான் ஊருக்கு ஊர் லாட்ஜ் தேடி, சாப்பாட்டுக்கு ஓட்டல் தேடி இருபத்திரண்டு வருடமாக அலைந்துகொண்டிருக்கிறேன். தாமல் மாதிரி ஊர்களில் லாட்ஜும் இல்லை, ஊருக்குள் எங்கே வைப்பது? உனக்குத் தெரியாததா! யாருக்கும் சங்கடம் இல்லாமல், யார் வாசலிலும் நிற்காமல் நீங்கள் உங்கள் பாட்டுக்கு வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இந்த வண்டி யோசனையே அதற்காகத்தான் எனக்கு வந்தது. குப்புசாமியிடம் "மூணு பேருக்குத் தனியா" என்று மட்டும்தான் சொன்னேன். புரிந்துகொண்டார், மேற்கொண்டு கேட்கவில்லை.

உட்புறத்துக்கு என்ன நிறம் என்று லில்லியைக் கேட்டு எழுது. அவளுக்குப் பிடித்தபடி இருக்கட்டும்.

உன்
மாணிக்கம்

*

காஞ்சிபுரம்
16 ஜூன் 2024

மாணிக்கவேலுக்கு,

உன் கடிதத்தைக் கல்லூரியில், துறை அறையில் அமர்ந்து படித்தேன். அன்று இரண்டாம் பாடவேளையை நான் எடுக்கவில்லை. முப்பது ஆண்டுப் பணியில் இது முதல் முறை. மாணவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உனக்குத் தெரியாததா" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

நாங்கள் மூவரும் முசரவாக்கம் காலனியில் பிறந்தவர்கள், நீங்கள் நால்வரும் ஊர்த்தெருவில் பிறந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். நீ லாட்ஜில் எங்களை இறக்கிவிட்டுப் போனதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தெரியாது. "நீ புரொபசர், உனக்குத் தனி அறை வேண்டாமா" என்று முதல் ஆண்டு நீ சொன்னாய். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். லில்லி என் மனைவி என்பதால் என்னோடு, கிறிஸ்டோபர் என் சித்தப்பா மகன் என்பதால் எங்களோடு. இந்த விளக்கத்தை நீ தரவில்லை, நானே எனக்குத் தந்துகொண்டேன். லேத் பட்டறையில் வேலை செய்கிற கிறிஸ்டோபருக்கு எதற்குப் பேராசிரியருக்குரிய மரியாதை என்று ஒரு முறைகூட யோசிக்காதவன்தான் மாணவர்களுக்குக் காரணமும் விளைவும் கற்பிக்கிறேன். "எங்கள் குழுவில் எனக்கு எப்போதும் லாட்ஜ்தான்" என்று துறையில் பெருமையடித்திருக்கிறேன். கேட்டவர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் முகம் சுளித்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து லில்லியைக் கேட்டேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

"எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிக்கினே வாயை மூடிக்கினு வாசிக்கிறீங்க, பாட்டு மேல அம்புட்டு ஆசைன்னு நானும் வாயை மூடிக்கினேன். இன்னாங்க நீங்க... நெஜமா தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்து அவளே உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்டோபரைக் கேட்டேன். "அண்ணே, அந்த லாட்ஜுங்க நல்லாவா இருந்துச்சு, மரியாதைன்னு நெனைக்க?" என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஊர்களின்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. ஆகவே தாமல் விழாக் குழுத் தலைவர் கலியனுக்கு நானே போன் செய்தேன். உன் பெயரைச் சொல்லாமல், இத்தனை ஆண்டுகளாக எங்கள் மூவரை எந்தக் காரணத்துக்காக உங்கள் வீடுகளில் தங்கவைக்கவில்லை என்று கேட்டேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவர் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னது இதுதான்:

"நாங்க எங்க சார் கேட்டோம்? மொத வருஷமே மாணிக்கவேலு வந்து, 'அந்த மூணு பேரை நான் பாத்துக்கறேன், நீங்க ஏற்பாடு பண்ண வேணாம்'னுட்டாரு. பெரிய படிப்பு படிச்சவரு, நம்ப ஊட்ல எல்லாம் சாப்புட மாட்டாராட்டம் இருக்குதுன்னு எங்க ஊட்லகூட சொல்லிக்கினு இருந்தாங்க. எங்கப்பா காலமா இருந்தா வேற, பொய் சொல்லமாட்டேன். இப்பவும் ஒண்ணு ரெண்டு பேரு மொணமொணப்பாங்க. அதுக்குன்னு வந்தவங்களைப் பட்டினியா அனுப்புவாங்களா இன்னா?"

தாமலில் யாரும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே நீ சொல்லியிருக்கிறாய். அந்த ஊர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்த ஊர் என்னை மதிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் சிரித்த முகத்தோடு நீ.

இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிடத் திகைப்பே மிகுதியாக இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வி. நீ என் வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறாய். தென்னேரியில் உன் வீட்டில் நான் ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்கிறேனா? துர்காவின் கல்யாணத்துக்கு வந்தோம், மண்டபத்தில் சாப்பிட்டோம். மண்டபத்தை நான் கேட்கவில்லை. உன் வீட்டைக் கேட்கிறேன்.

இதற்கு மட்டும் பதில் எழுது.

சாமுவேல்

*

கரூர்
21 ஜூன் 2024

என் சாமு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துர்கா "இன்னாப்பா ஆச்சு" என்று துளைக்கிறாள். என்னத்தைச் சொல்ல? நாலு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

உடனே பட்டறைக்குப் போனேன். நீ வரைந்து அனுப்பிய படத்தைக் குப்புசாமியிடம் கொடுத்து, ஏழு படுக்கையாக மாற்றச் சொல்லிவிட்டேன். தட்டுச் சட்டத்திலும் ஏழு. நாங்களும் இனி யார் வீட்டுக்கும் போகப்போவதில்லை. ஏழு பேரும் வண்டியிலேயே ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடலாம். போதுமா?

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாம் ஆரம்பித்த புதிதில், ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு பெரியவர் உங்கள் மூவருக்கும் இலை போடுவதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். நீ மேடையில் ஒயர் இணைத்துக்கொண்டிருந்தாய். நான்தான் கேட்டேன். அந்த வார்த்தை உன் காதில் விழவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொள்வேன். தாமலில் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்து, அவர்கள் ஏதாவது சொல்லி, அது உனக்குத் தெரிந்து, நீ மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டால்? உன் கீபோர்டு இல்லாமல் வேகவதி ஏது? இதைத் துரோகம் என்று நீ சொன்னால், உன்மேல் இருக்கிற பாசத்தில் செய்த துரோகம் என்று வைத்துக்கொள்.

உன்னை ஒரு நாளும் குறைவாக நினைத்ததில்லை. லில்லியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், கிறிஸ்டோபரை என் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நான் எந்தக் கூட்டத்தில் பிறந்தேன், வீட்டில் யார் யாரைச் சமாளிக்கிறேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். கிருஷ்ணவேணிக்கு வேறு முழங்கால் வலி, டாக்டர் ஆபரேஷன் என்கிறார்.

இருபத்தாறாம் தேதி காஞ்சிபுரம் வருகிறேன். நேரில் நாலு அடி அடி, வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தில் மட்டும் "மாணிக்கவேலுக்கு" என்று எழுதாதே, தாங்கவில்லை.

என்றும் உன்
மாணிக்கம்

*

காஞ்சிபுரம்
24 ஜூன் 2024

மதிப்பிற்குரிய திரு. மாணிக்கவேல் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் கடிதம் நான்கு பக்கங்கள். நான் கேட்ட ஒரு கேள்விக்கு அதில் ஒரு வரி இல்லை. தங்கள் மனைவியாரின் முழங்காலைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அவர் விரைவில் நலம்பெற வேண்டும்.

ஒரு பெரியவர் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னார் என்கிறீர்கள். அதை அவர் ஒரு முறை சொன்னார். அவருக்குப் பதிலாக ஊர் ஊராகப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர் தாங்கள். அந்த வார்த்தை என் காதில் விழாமல் காத்ததாக எழுதியிருக்கிறீர்கள். விழுந்திருந்தால் நான் அவரிடம் பேசியிருப்பேன். அவர் திட்டியிருப்பார், அல்லது திருந்தியிருப்பார். மேடையிலிருந்து இறங்கியிருந்தால்கூட அது என் காலால் இறங்கியதாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பு எனக்கு ஒரு ஊரிலும் வாய்க்கவில்லை. என் மனைவி இத்தனை காலம் என்னைக் கோழை என்று எண்ணிக்கொண்டே என்னோடு மேடையேறிப் பாடியிருக்கிறாள். இதை எந்தப் பாசத்தின் கீழ் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு படுக்கை போட்டதால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தாங்கள் நம்புகிறீர்கள். முன்பு மூவரை ஊருக்கு வெளியே வைத்தீர்கள், இப்போது எழுவரையும் வைக்கிறீர்கள். ஊருக்குள் எங்களோடு ஒரு வீட்டில் நுழைய வேண்டிய நிலை மட்டும் தங்களுக்கு வரக் கூடாது. வண்டி நன்றாகவே அமையும். எடையைச் சரியாகப் பகிர்ந்துவிட்டேன், பாதுகாப்பாக ஓட்டலாம். எங்கள் மூவருக்கும் அதில் இடம் வேண்டாம்.

ஜூலை இருபத்தாறு, ஆடி இரண்டாம் வெள்ளி, தாமல் நிகழ்ச்சியில் வாசிக்க வருவோம். அது அந்த ஊருக்குக் கொடுத்த வாக்கு, தங்களுக்குக் கொடுத்தது அல்ல. அதுவே வேகவதி குழுவில் எங்கள் கடைசி மேடை. மற்ற மூவருக்கும் காரணத்தை நானே நேரில் சொல்லிவிட்டேன். கலைவாணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அனு, "எங்களை இன்னான்னு நெனச்சீங்க சார் இத்தினி வருஷமா?" என்று அழுதாள். குரு எழுந்து வெளியே போய்விட்டான். அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் பாடு.

இம்மாதம் இருபத்தாறாம் தேதி தாங்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம்.

தாமலில் நாங்கள் மூவரும் கலியன் வீட்டில் தங்குகிறோம். அவர் மனைவி லில்லியிடம் போனில் பேசி, என்ன சமைக்க என்று கேட்டுவைத்துக்கொண்டார். நேற்று கலியன் மறுபடி அழைத்தார். "மாணிக்கவேலு எங்க சார் தங்குவாரு, சாப்பாடு எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார்.

பிறர் சார்பில் அந்தப் பதிலைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தங்களையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
முனைவர் தே. சாமுவேல்