கிழக்கே கடல்

அனுப்புநர்:
ரஹீமுன்னிசா,
(காலஞ்சென்ற) சௌக்கத் அலியின் மனைவி,
கடலோர மனை, திருவொற்றியூர்.

பெறுநர்:
கனம் ஜில்லா நீதிபதி அவர்கள்.

பொருள்: ஒன்பது வருஷமாக முடியாத மனை வழக்கு – மழைக்காலத்துக்குள் கடலோரம் கல் போட அனுமதி வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பவர் ‘ஏழை விதவை’ என்று தொடங்கினார். நான் ஏழையல்ல, மனை உள்ளவள். அந்த மனை இருக்கும்போதே தாங்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

2. எங்கள் கிரயப் பத்திரத்தில் ‘கிழக்கே கடல், கடலிலிருந்து மேற்கே நாற்பது கெஜம்’ என்று கண்டிருக்கிறது. இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அலை வந்து நிற்கும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, அங்கிருந்து கயிறு பிடிப்பார்கள். கடல் நகரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நகர்ந்தது. முன்பக்கத் தென்னைகள் விழுந்ததும், கடல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து நாற்பது கெஜம் எங்களுடையது என்று என் கணவர் வேலியை மேற்கே தள்ளி நட்டார். அது பின்மனைக்காரரான கருவாட்டு வியாபாரி ராசையா மீன் உலர்த்தும் களம். கடல் தின்றது உங்கள் மண், அதற்கு என் மண்ணைக் கேட்பது என்ன நியாயம் என்றார் அவர். 1945இல் வழக்குத் தொடர்ந்தோம்.

3. தீர்ப்பு வரும்வரை இரு தரப்பாரும் அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கவோ போடவோ கூடாது என்று கோர்ட்டார் தடையுத்தரவு இட்டார்கள். நாங்கள் கீழ்ப்படிந்தோம். கடலின் கையில் அந்த உத்தரவைக் கொடுத்துச் சார்வு செய்தவர் இல்லை.

4. பிறகு நடந்ததெல்லாம் வாய்தா. நீதிபதி மாறினார். மனையை அளக்கக் கோர்ட்டார் அனுப்பிய கமிஷனர் கடல் பொங்கிய நாளில் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பினார். என் கணவர் காலமாகி, நான் இத்தா என்னும் துக்க காலத்தில் வெளியே போகாமல் இருந்தபோது, ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். அதை மறுபடி கோப்பில் ஏற்றவே இரண்டு வருஷம் ஆயிற்று. போகும்போதெல்லாம் கோர்ட்டுச் சேவகர், “இன்னிக்கு இல்லம்மா, அடுத்த தபா வா” என்கிறார். அவர்மேல் குற்றமில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் நியாயம் ஆறிக்கொண்டிருக்கிறது.

5. சென்ற ஆனி மாதம் அலை என் சமையற்கட்டுச் சுவரைச் சாய்த்தது. நானும் என் இரண்டு பெண்களும் முற்றத்தில் ஈரத்தோடு நின்றோம். வழக்கு வந்த நாள் முதல் என்னோடு பேசாத ராசையாவின் மனைவி செல்லக்கனி, வேலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்க வாங்கக்கா. வழக்கு கோர்ட்டுல கிடக்கட்டும்” என்றார். இன்றுவரை அவர்கள் கருவாட்டுக் கிடங்கின் ஓரத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.

6. அலையைத் தடுக்கக் கரையில் போட ராசையா மூன்று லாரி கருங்கல் கொண்டுவந்தார். தடையுத்தரவு இருக்கும்போது போட்டால் கோர்ட்டு அவமதிப்பாகும் என்று இரண்டு வக்கீல்களும் சொன்னதால் அது சாலையோரம் கிடக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து ஆடி மாதமே அனுமதி மனுப் போட்டோம். அதையும் ஜனவரி வாய்தாவில்தான் எடுப்பார்களாம். ஐப்பசிக் கடல் ஜனவரி வரை பொறுக்காது. அலைக்கும் என் வாசற்படிக்கும் நடுவே இப்போது ஒரு கட்டுமரம் போடத்தான் இடம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. நான் ஜெயிக்க வேண்டும் என்று இந்த மனுவில் கேட்கவில்லை. யாருக்குப் பாத்தியம் என்பதை நிதானமாகவே விசாரியுங்கள். விசாரிக்க மண் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால், தீர்ப்புக்குப் பின் மனையைச் சுவாதீனம் கொடுக்க வரும் கோர்ட்டு அமீனா படகில்தான் வர வேண்டியிருக்கும். ஐப்பசி பிறக்குமுன் கல் போட உத்தரவு தந்து, வீட்டையும் வழக்கையும் கரையில் நிறுத்தித் தர மன்றாடுகிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 20–9–1954

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ரஹீமுன்னிசா
(வாதி)

மேலே கண்டது உண்மை. கல் என்னுடையது, போடும் கூலியும் என்னுடையது. நிலமும் என்னுடையதே என்ற வாதத்தை நான் விடவில்லை.
ராசையா
(பிரதிவாதி)