கழுவிய காலைக் கழுவியவர்

1936, பெரிய வியாழன், இரவு

இன்று மாதா கோயிலில், ஏசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்கு. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மத்தியானமே சீயக்காய் போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு பெருமையாகப் போனார். புதிதாக வந்த சாமியார் இந்த வருஷம் சேரியிலிருந்து சவேரியையும் கூப்பிட்டு, இவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டா. கால் கழுவணும்."

"சாமியார்தான் கழுவி முத்தம் குடுத்தாரே?"

"சவேரி காலைத் தொடைச்ச துண்டாலதான் என் காலையும் தொடைச்சாரு."

"அவரும் நம்ம கிறிஸ்து வேதக்காரர்தானே?"

"வேதம் வேற, சாதி வேற. பேசாம கொண்டா."

சொம்பை நான் தொடவில்லை. அவரே கிணற்றடிக்குப் போய், சாமியார் முத்தமிட்ட வலது காலை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பிறகு உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மண்டியிட்டு ஜெபமாலை தொடங்கினார். நான் பதில் மந்திரம் சொல்லவில்லை.

சவேரியின் காலைப் பிடித்த சாமியாரின் அதே கைதான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இவர் நாக்கில் நன்மை அப்பத்தை வைக்கப்போகிறது. அன்றைக்கு நாக்கையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பாரா?