நிலாவில் எரு போட்டது யார்?

புதன்கிழமை, இரவு.

இன்னும் கோபம் ஆறவில்லை. போன வாரம் வத்தல்மலையிலிருந்து சந்தைக்கு வந்த மாதம்மாள் அக்கா, நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குள் வந்து, "நான் இதுவரைக்கும் படிக்காத தினுசுல ஒரு கதை குடுங்க" என்றார். அட்டையில் ராக்கெட் இருந்தாலே எங்கள் நூலகர் சிறுவர் அலமாரியில் வைத்துவிடுவார். அங்கிருந்துதான் நிலாவில் விவசாயம் செய்யும் நாவலை எடுத்துக் கொடுத்தேன்.

"சாமை வெதைக்கிறவங்களுக்கு ராக்கெட் எதுக்கும்மா? கோலப் புத்தகம் குடு" என்று அக்கா முன்னாலேயே நூலகர் சிரித்தார்.

இன்று அக்கா அதைக் கொண்டுவந்து மேசையில் பொத்தென்று வைத்தார்.

"எழுதுனவருக்கு வெவசாயமே தெரியலைங்க. நெலாவுல மாடே இல்ல, எரு எங்கிருந்து வந்துச்சு?"

"பிடிக்கலையாக்கா?"

"யாரு சொன்னா? அடுப்புல கூழு தீஞ்சது கூடத் தெரியாம படிச்சேன். இந்த மாதிரியே இன்னொண்ணு குடுங்க."

நான், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நூலகரின் கண்ணெதிரிலேயே ராக்கெட் புத்தகம் அத்தனையையும் பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றினேன். நாளைக்கு அவர் மறுபடி இறக்கி வைத்தால் வைக்கட்டும். எனக்கும் இரண்டு கை இருக்கிறது.