பதினோரு மணிக் கையெழுத்து

ஏட்டம்மா, வெட்கத்தைவிட்டு முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இடுப்புப் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்ட ஒரு சிறப்பு எஸ்.ஐ., இன்று மதியம் பெண்டாட்டி கண்ணயரட்டும் என்று காத்திருந்து, பூனைமாதிரி மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி, அரசாங்க ஆவணம் ஒன்றைக் கொளுத்தப் பார்த்தான். அது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. எத்தனை குச்சி கிழித்தும் ஒன்றுகூடப் பற்றவில்லை. குற்றம் செய்யக்கூட ஒரு திறமை வேண்டும் என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

ஆவணம் வேறொன்றுமில்லை. அனகாபுத்தூர் டீச்சர் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த பட்டா புத்தகம். ரோந்து வருகிற போலீஸ் வந்ததற்கு அடையாளமாகத் தேதி, நேரம், கையெழுத்து, குறிப்பு என்று நாலு கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போகவேண்டிய பச்சை அட்டை நோட்டு. டீச்சர் தனியாக இருந்து அலுத்து, கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்கே போகிறார். பதினாறாவது மாடியாம், பெற்ற தாயே உள்ளே போக ஓ.டி.பி. சொல்ல வேண்டுமாம். நேற்று சாமான் கட்டும்போது பீரோவிலிருந்து இதை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். நேற்றிலிருந்து இறங்க மறுக்கிறீர்கள்.

நான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். சர்வீஸில் பாதியை ஆயுதப்படையில் நின்றும் மீதியைத் தபால் பிரிவில் உட்கார்ந்தும் கழித்தவன். காகிதத்தைத் தவிர எதையும் பிடித்ததில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவர், ரேங்கிலும் கீழே இருந்தவர் நீங்கள். இன்ஸ்பெக்டர் உங்களிடம், "சாருக்கு ஏரியா காட்டும்மா" என்றார். அந்தச் சந்துகளில் ஜீப் நுழையாது. உங்கள் ஸ்கூட்டியின் பின்சீட்டில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்து போனதைப் பார்த்து, "இன்னாக்கா, திருடன் மாட்டிக்கினானா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டார். நீங்கள் மறுக்கவில்லை. "இன்னும் ஒத்துக்கல" என்றீர்கள்.

அன்றைக்கு நீங்கள் ரோந்து போன லட்சணம் எனக்குத் தலையைச் சுற்றியது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டீர்கள். இன்னொரு வீட்டில் போனுக்குச் சார்ஜ். தறி ஓடிக்கொண்டிருந்த வீட்டில், மரத்திலிருந்து இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. டீச்சர் வீட்டில் நேராகப் பாத்ரூம். வெள்ளம் வந்து நின்ற கறை இடுப்பளவுக்கு இருந்த அந்தச் சுவரில், கறைக்கு ஒரு முழம் மேலே ஆணி அடித்து இந்தப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீங்கள் வெளியே வரும்வரை நான் வெள்ளக்கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா இது, வீடு வீடா கேட்டு வாங்குறீங்க? மாமூல்னு நெனைக்க மாட்டாங்களா?"

"தண்ணி இன்னா சார் மாமூலு? 'எதுனா பிரச்சினையா'ன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நம்மகிட்ட எதுனா குடுத்தவங்கதான் நம்மகிட்ட எதுனா சொல்லுவாங்க."

"அதுக்காக பாத்ரூமா?"

"சார், காலைல யூனிஃபார்ம மாட்டுனா சாய்ந்தரம் வரைக்கும் இந்த பீட்ல நான் எங்க போவேன்? உங்களுக்கு ஊரெல்லாம் செவுரு. நான் வூடு பாத்துதான் பழகணும்."

உங்கள் ரோந்துப் பாதையை வரைந்தது எந்த மேலதிகாரியும் அல்ல, சுத்தமான பாத்ரூம்கள்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு டீச்சர் தெரு என் பங்குக்கு வந்தது. தினமும் பதினோரு மணி. சித்திரை வெயில். பம்மல் ரோட்டில் ஒரு டீக்கடை, அதில் ஓடுகிற ஒரு ஃபேன். தபால் பிரிவு மூளை வேறெப்படி வேலை செய்யும்? ஒரு செவ்வாய்க்கிழமை போனவன் புதன், வியாழன், வெள்ளி மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். குறிப்புக் கட்டத்தில் 'நலம்' என்றும் எழுதினேன். வருங்காலத்தைச் சொல்வதற்குக் கிளி வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒரு பேனாவே போதுமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமைதான் டீச்சருக்கு வீடியோ கால் வந்தது. தோளில் கயிறு, பின்னால் கொடி, மேஜைமேல் தொப்பி, டெல்லி அதிகாரி என்று ஒருத்தன். டீச்சர் பேரில் வந்த பார்சலில் போதை மருந்து, டீச்சர் கைதாகிவிட்டார், கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது, பேங்க் மூடுவதற்குள் டெபாசிட்டை எடுத்து 'சரிபார்க்க' அனுப்ப வேண்டும், உள்ளூர் போலீஸ் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது, அவர்களும் கூட்டாளிகள் என்றானாம். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றியவர், ஒன்பது மணியிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் கைதியாக உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குச் சுவரில் தொங்கிய புத்தகம், போலீஸ் வந்து பார்த்தது, நலம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

நீங்கள் என்னைச் சோதிக்க அங்கே போகவில்லை. அதை நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். பாத்ரூமுக்குத்தான் போனீர்கள். கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

"டீச்சர்! நான்தான்."

உள்ளேயிருந்து குரல்: "வீட்ல யாரும் இல்ல."

"அப்ப பேசறது யாரு டீச்சர்?"

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 'போலீஸ், கதவைத் திற' என்று லத்தியால் தட்டியிருப்பேன். டீச்சர் இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டிருப்பார். நீங்கள் ஜன்னல் பக்கம் போய், "பாத்ரூம் வரணும் டீச்சர். அர்ஜெண்டு. தொறக்கலைன்னா தெருவுல மானம் போயிடும்" என்றீர்கள். டீச்சர் எழுந்து வந்து திறந்தார்.

அதைப் பற்றி டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னது இது: "அவன் சொன்னதெல்லாம் நம்பிட்டேன் சார். இவளும் கூட்டுன்னுகூட நம்பிட்டேன். ஆனா கூட்டுக் களவாணியா இருக்கிறவ வந்து பாத்ரூம் கேப்பாளா? எனக்கு அங்கதான் லாஜிக் இடிச்சுது."

நீங்கள் முதலில் பாத்ரூமுக்கே போனீர்கள். கடமை ரெண்டு நிமிஷம் நிக்கும், அது நிக்காது என்று விளக்கமும் கொடுத்தீர்கள். வந்து போனைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தீர்களாம். "வணக்கம் ஐயா. கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க ஐயா." அவன் அரைகுறைத் தமிழில் உறுமியிருக்கிறான். "இல்ல ஐயா, மேல ஸ்டாரு கீது, கயிறு கீது, எல்லாம் கீது. கீழ பேண்ட்டு கீதா, லுங்கியான்னு தெரிஞ்சா நானும் அரெஸ்ட் ஆயிடுவேன்." திரை கறுத்துவிட்டது.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தீர்கள். எனக்குப் போன் வந்தது. என் கையில் பஜ்ஜி.

"சார், எங்க கீறீங்க?"

"பீட்லதான்மா."

"டீச்சர் வூட்டுக்குப் போனீங்களா?"

"பதினோரு மணிக்கே போயாச்சே."

"அப்படியா. எல்லாம் நலமா சார்?"

"எல்லாம் நலம்."

"கொஞ்சம் வாங்க. அந்த நலத்த நேர்ல பாக்கலாம்."

போனேன். நீங்கள் டீச்சர் எதிரிலேயே புத்தகத்தை விரித்துப் பிடித்தீர்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வாரம் நெஜமா வந்தா மூணு பேனா இருக்கும் சார். ஒரு நாளு வேர்வைல கை வழுக்கும். ஒரு நாளு அவசரத்துல இழுத்துக்கினு போவும். உங்களுது நாலு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. வராம போட்டாதான் சார் கையெழுத்து இவ்ளோ அழகா வரும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். புதன், வரவில்லை. வியாழன், வரவில்லை. வெள்ளியில் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன் டீச்சர்."

"அப்ப இத நாளைக்குத் திருத்தறேன்."

மறுநாள் பத்தரைக்கே போய் வாசலில் நின்றேன். வெள்ளிக்கு ஒரு சின்ன டிக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அதற்கு இவ்வளவு ஏங்கியதில்லை.

இதை மேலிடத்துக்கு எழுதியிருந்தால் என்னைத் தூக்கியிருப்பார்கள். நீங்கள் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள தூக்குனா இன்னொரு தபால் பிரிவ அனுப்புவாங்க. நான் திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கணும். எனக்கு இன்னா பேஜாரு?" என்றீர்கள். சரி, அந்தப் புத்தகத்தையாவது மாற்றிக் கொடுங்கள் என்று எத்தனை நாள் கெஞ்சினேன்! அந்தச் சிவப்பு மை சுவரில் தொங்குகிறது, அந்தப் பக்கத்தை எந்த அதிகாரி திருப்பினாலும் என் கதை முடிந்தது. நீங்கள் அசையவில்லை. "புஸ்தகம் நெறம்பட்டும் சார். நெறம்புனா டீச்சர் பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க. அதுவரைக்கும் ஒழுங்கா வந்துகினு இருங்க." டீச்சர் வீட்டுக்கு நீங்கள் ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டோம். எண்பது பக்க நோட்டு நிரம்ப எத்தனை யுகம் ஆகும் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம்.

இன்னொன்றும் செய்தீர்கள். வீட்டுக்கு வீடு எதையாவது கேட்டு வாங்காமல் ரோந்து முடியக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டீர்கள். கேட்கவே நாக்கு வராது எனக்கு. முதல் நாள் கறிவேப்பிலை கேட்ட வீட்டில் பயந்துபோய் மரத்தில் பாதியை ஒடித்துக் கொடுத்தார்கள். "ஸ்டேஷன்ல வேலையா, சந்தைல வேலையா?" என்று என் வீட்டில் கேட்டாள்.

பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அதுதான் நீங்கள் எனக்குச் செய்த பெரிய அநியாயம். மக்கள் நம்பிக்கை என்று மேடையில் பேசுகிறார்களே, அது என்னவென்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறான். மருமகன் மூன்று மாதமாக வேலைக்குப் போகாமல் போவதுபோல் நடிக்கிறான். எந்த நம்பரிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும், "சார், இது நெஜ போலீஸா, பொய் போலீஸா?" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் போன். தலைக்கு எண்ணெய் வைத்தால் போன். போன மாதம் ஒரு தாத்தா, நான்தான் பேசுகிறேன் என்று சொன்ன பிறகும், "சார், நீங்க நெஜமா?" என்றார். "எங்க வீட்ல போன வாரம் இன்னா கேட்டு வாங்குனீங்க, சொல்லுங்க" என்றார். எலுமிச்சம்பழம் என்றேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

இந்த இம்சையைத் தனியாகத் தாங்க என்னை விட்டுவிட்டு, வயிற்றில் ஒரு கட்டி, எடுத்துவிட்டு வருகிறேன் என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தீர்கள். அந்த வாரம் நான் ஒரு தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் வேறு மாவட்டத்தில் வெந்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் போன் வந்தது. பத்து நாள் என்று எழுதிக் கொடுத்தவர் நாலாம் நாளே போய்விடுவது என்ன ஒழுங்கு? எனக்கு அத்தனை ஒழுங்கு சொன்னவர் நீங்கள்தானே? உங்கள் உடலுக்கு மரியாதை செய்ய வரிசையில் நின்றபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பின்னால் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள். மற்றவர்கள் கறிவேப்பிலைக்காரர்கள்.

காரியமெல்லாம் முடிந்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆணியில் புத்தகம் இல்லை. "அது நிரம்பிடுச்சு சார். வேற கொண்டு வாங்க" என்றார். கடைசியாகப் பார்த்தபோது ஒரு பக்கம் வெறுமையாக இருந்ததாக ஞாபகம். போலீஸ்காரன் ஞாபகம்தானே என்று விட்டுவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பதையும் மறைப்பானேன்.

இப்போது பதினோரு மணி என்றால் என் கால் தானாக அந்தச் சந்துக்குப் போகிறது. சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கிறேன். வண்டியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. இன்றைய தேதிக்கு அதில் இரண்டு முருங்கைக்காயும் கொஞ்சம் கறிவேப்பிலையும். புதிதாக வந்த பெண் போலீஸ் ஒருத்தி, "சார், வீடு வீடா கேட்டு வாங்குறீங்களே, அசிங்கமா இல்ல?" என்று கேட்டாள். பாத்ரூம் எந்தெந்த வீட்டில் சுத்தமாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

நேற்று டீச்சர் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தபோது, என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "கிழிக்கிறதா இருந்தா கிழிச்சுக்கோங்க சார். முழுசா பாத்துட்டுக் கிழிங்க" என்றார். நான் பார்க்கவில்லை. நேராகச் சிவப்பு மைப் பக்கத்துக்குத்தான் போனேன். தீக்குச்சியெல்லாம் தீர்ந்தபிறகு, வேறு வேலையில்லாமல், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

பத்து வரி. நீங்கள் லீவில் போன நாளிலிருந்து பத்து நாள். பத்திலும் நேரம் பதினொன்று, குறிப்பு நலம், உங்கள் கையெழுத்து. போய்ச் சேர்ந்த பிறகும் ஆறு நாள் அனகாபுத்தூருக்கு வந்து போயிருக்கிறீர்கள். பத்தாவது வரியோடு புத்தகம் நிரம்பி, பீரோவுக்குத் தயாராகிவிடுகிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு. கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கிறது, ஏட்டம்மா.