திரைக்குப் பின்னால் சொன்ன பகிடி

8 ஜூலை 1974, திங்கள்

பேக்கரி வாசலில் பாண் கியூவில் இரண்டு மணித்தியாலம். கிடைத்தது அரை றாத்தல். பக்கத்தில் நின்றவள் "நஜ்முன் ராத்தா, பகிடி ஒண்டு சொல்லுங்க, நேரம் போகட்டும்" என்றாள். சொன்னேன். கியூ முழுக்கச் சிரித்தது. பாண்தான் நகரவில்லை.

இது இவருக்குக் கப்பல்காரர் கொடுத்த டயறி. போன வருஷத்துடையது. கிழமைகளை வெட்டி வெட்டி மாற்றுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. பிழை பிடிக்கிறவர்கள் வேறு கொப்பி பார்க்கட்டும்.

இவர், என் புருஷன் முத்தலிப், துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டுகிறவர். டிசம்பரோடு வேலை முடிகிறது. வருகிற ஞாயிறு கடைக்குட்டி ரபீக்காவுக்குப் பேச வருகிறார்கள். மாப்பிள்ளை ஸுஹைர், கந்தோரில் கிளாக்கர். மூத்தவள் ஸாலிஹாவுக்கு வளவில் பாதியை வெட்டி வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இந்த வீடு ரபீக்காவுக்கு. உம்மா எனக்குத் தந்தாள், நான் அவளுக்குத் தருகிறேன். வீடு இல்லாமல் கிண்ணியாவில் எந்தப் பெண்ணுக்கு நிக்காஹ் நடந்தது? கடைசி மகளின் வீட்டில் தாய் தகப்பன் பின் அறையில் இருந்துகொள்வது வழக்கம். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் போட்டிருக்கிறேன். கிழக்குப் பக்கம். இனி என் மிச்சக் காலம் அந்த ஜன்னல்தான்.

14 ஜூலை, ஞாயிறு

வாய். வாய். என் வாய். இன்றைக்கு எழுத ஏலாது.

15 ஜூலை, திங்கள்

நடந்ததை எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல ஏலாது, சிரிப்பார்கள்.

ஆண்கள் முன் அறையில். பெண்கள் நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம், பாயில். மாப்பிள்ளையின் உம்மா மைமூனா எனக்கு அருகில் இருந்தாள். மகர் பேசி, நகை பேசி, எல்லாம் முடிந்த பிறகு அபூதாஹிர் மரைக்கார் திரைப் பக்கம் திரும்பினார். பள்ளிவாசலுக்குப் பெரியவர் அவர். வீடு என் பெயரில் இருப்பதால் என் வாயால் வர வேண்டுமாம். வீட்டை எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டார்.

"முழுசா எடுங்க மரைக்கார். கோழிக்கூட்டையும் சேத்து எடுங்க. நானும் இவரும் வெருகல் ஆத்தங்கரைக்குப் போய் முதலையோட சம்பந்தம் பேசுறம்" என்றேன்.

வீடே சிரித்தது. தேத்தண்ணி கொண்டுவந்த ஸாலிஹா தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மைமூனா மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து, கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அப்ப வீடு வெறுமையாத்தான் வருது. கேட்டுக்கொள்ளுங்க மரைக்கார்."

நான் வாய் திறக்கும் முன் ஃபாத்திஹா ஓதிவிட்டார்கள். ஓதின பிறகு பேச்சு பேச்சுதான். எனக்கு நாற்பத்தொன்பது வயது. முப்பது வருஷமாகக் கூட்டிப் பெருக்கின வீட்டிலிருந்து நானே என்னைக் கிளப்பிவிட்டேன்.

17 ஜூலை, புதன்

இவரைக் கூட்டிக்கொண்டு மரைக்காரிடம் போனேன். அது பகிடி என்றேன். இப்போது வருகிற கோபம்தான் மெய் என்றேன். மனிசன் கண்ணில் தண்ணீர் வர வர முதலையை நினைத்துச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓதினதைத் திரும்ப வாங்க ஏலாது என்றார். இப்போது மாற்றினால் பெண் வீட்டார் வாக்கு மாறினதாக ஊர் பேசும், ரபீக்காவுக்குத்தான் கேடு.

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் கேட்டேன், உங்களுக்கு எங்கே போய் இருக்க விருப்பம் என்று. "எனக்கு எங்கயும் சரி" என்றார். இப்படி ஒரு மனிசனைக் கட்டினதுக்கு நான் அந்த முதலையையே கட்டியிருக்கலாம். அது என்றாலும் வாயைத் திறக்கும்.

24 ஜூலை, புதன்

இன்னும் இருக்கிறது. ஸாலிஹா வந்து சொன்னாள். நாங்கள் போன பிறகு மைமூனா மகனோடு வந்து இந்த வீட்டில் இருக்கப்போகிறாளாம். பின் அறையில். என் ஜன்னலுக்கு நேரே.

மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டில் வந்து குடியிருப்பதா? எங்கே கேள்விப்பட்டது? நாலு பெண்ணைப் பெற்றவள், நாலு பேருக்கும் வீடு கொடுத்தவள். அவளுக்கு இருக்க இடமில்லாமலா என் அடுப்படி, என் குசினி?

ரபீக்காவிடம் கத்தினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவும் இல்லை. "உம்மா, நீங்கதானே சொன்னீங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

சரி. சொன்னேன். போகிறேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

புல்மோட்டைக்குப் போனோம். இவரோடு வேலை செய்தவர் ஒருவர் அங்கே மலிவாகக் காணி இருக்கிறது என்றார். பஸ்ஸில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. காணி கடற்கரையோடு, கறுப்பு மணல். நல்ல காற்று, நல்ல மீன். ஆனால் ரபீக்கா பிள்ளை பெறப் படுத்தால், ஆள் அனுப்பி நான் வந்து சேர்வதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

இவருக்கு அதுவும் சரியாம்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வெருகல். பகிடியில் சொன்ன ஊருக்கே காணி பார்க்கப் போனேன், அதுதான் அவமானம். ஆற்றுக்கு ஆறு மிதக்கிற பாதைப் படகுகளில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. வழியில் பொலிஸ், அரிசி கடத்துகிறோமா என்று பையைக் கிளறினான். "அரிசி இருந்தா நான் ஏன் தம்பி காட்டுக்குப் போறன்?" என்றேன். அவனும் சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

காணிக்காரர் இரத்தினசிங்கம் என்று ஒருவர். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர், எங்கள் கைக்குள் அடங்குகிற விலை. மா, தென்னை, வாழை. இவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். நான் மரங்களைச் சுற்றிப் பார்த்தேன். எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு. என் நெஞ்சுக்குச் சரியாக.

"இது என்ன?" என்றேன்.

"அது ஆடு உரசினதக்கா."

"நெஞ்சுயரத்துக்கு உரசுற ஆடா? காணி வேணாம் தம்பி, அந்த ஆட்டுக்கு விலை சொல்லுங்க."

ஆகஸ்டில் யார்தான் ஆற்றோரக் காணியை விற்கமாட்டான்? மார்கழி மழையில் கொண்டுபோய்க் காட்டட்டும் பார்ப்போம். முப்பது வருஷம் தண்ணீரோடு வேலை செய்த மனிசனுக்கு ஒரு தண்ணீர்க் கோடு தெரியவில்லை. நானில்லாவிட்டால் கையெழுத்தும் வைத்திருப்பார்.

8 செப்டம்பர், ஞாயிறு

எங்களுக்குக் கருவாடு கொண்டுவருகிற யோகம்மாவின் ஊர் சாம்பல்தீவு. அவளோடு போய்ப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. ஆனால் விற்க ஒருவரும் இல்லை. "இப்பவோ காணி கேட்டு வாறியள்? வெளியில இருந்து மிளகாய் வெங்காயம் வாறேல்லை. கையகல நிலம் இருக்கிறவனெல்லாம் வெங்காயம் போட்டு ராசாவா இருக்கிறான்" என்றாள் யோகம்மா. போன வருஷம் வந்திருக்க வேண்டுமாம். போன வருஷம் எனக்கு வீடு இருந்தது யோகம்மா.

17 செப்டம்பர், செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. கோபப்பட்டால் நோன்பின் நன்மை போய்விடுமாம். அப்படிப் பார்த்தால் எனக்கு இந்த வருஷம் வெறும் பசி மட்டும்தான்.

18 ஒக்டோபர், வெள்ளி

பெருநாள். மைமூனா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். வீடு பார்க்க வந்தவள் மாதிரி நேரே பின் அறைக்குள் போய் நின்றாள். ஜன்னலைத் திறந்தாள். என் ஜன்னலை. "காத்து நல்லா வருது" என்றாள்.

ஓமோம், என் வயிற்றெரிச்சல்தான் காற்றாக வருகிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் யாராவது ஓதிவிடுவார்களோ என்று பயம்.

வட்டிலப்பம் நன்றாக இருந்தது. அதற்கும் கோபம்.

3 நவம்பர், ஞாயிறு

நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. டிசம்பர் 29. அதே ஆட்கள், அதே திரை, அதே பாய். மைமூனா அதே இடத்தில்.

மரைக்கார் மெல்லக் கேட்டார், இடம் அம்பிட்டதா என்று. திரைக்கு அந்தப் பக்கத்தில் யாரோ 'முதலை' என்றான். ஒரு சிரிப்பு எழும்பியது. எனக்குத் தலை கொதித்தது. கொதித்தால் எனக்குப் பகிடிதான் வரும், என்ன செய்ய.

"ஒரு இடமும் அம்பிடல்ல மரைக்கார். அம்பிட்டா மைமூனா ராத்தாவையும் கூட்டிட்டுப் போறன். காட்டுல எனக்குச் சண்டை பிடிக்க ஒரு ஆள் வேணாமா?"

மறுபடி வீடே சிரித்தது. மறுபடி அவள் ஒருத்தி சிரிக்கவில்லை. கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெய்யாத்தான் சொல்றீங்களா நஜ்முன்?" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள், பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டு. தோப்பூருக்கு இங்கால அவளின் புருஷன் மௌத்தாகும்போது விட்டுப்போன காணி ஒன்று கிடக்கிறதாம். காடு என்று மகள்மார் ஒருத்தியும் தொடவில்லை. தனியாகப் போய் இருக்க அவளுக்குத் துணிவில்லை. ஒவ்வொரு மகள் வீட்டிலும் ஒரு மாதம், றங்குப்பெட்டியும் கையுமாக.

"நாலும் நான் குடுத்த வீடு. ஒண்டுலயும் என்ட பாய் விரிச்சபடி கிடக்க விடமாட்டாளுகள். விடிஞ்சா சுருட்டோணும், ஆக்கள் வந்தா சுருட்டோணும். அதுதான் மகன்ட வீட்டிலயாவது எண்டு…"

அங்கே ஃபாத்திஹா தொடங்கிவிட்டது. இருவரும் கையை ஏந்தினோம்.

4 நவம்பர், திங்கள்

பகிடி என்று சொல்லிவிடலாம். இந்த முறை அவள் ஒருத்தியிடம்தானே சொல்ல வேண்டும்.

இவளுக்காக நான் ஏன் இரங்க வேண்டும்? என் வீட்டை வெறுமையாகக் கேட்டவள். நாலு மாதம் என்னை அலைய வைத்தவள். காணி இருக்கிறது என்று ஜூலையிலேயே சொல்லியிருந்தால் நான் வெருகலுக்கு ஏன் போகிறேன்?

ஒன்று மட்டும் யோசிக்கிறேன். அவள் என்னோடு வந்தால் ரபீக்காவின் குசினியில் இருக்கமாட்டாள். அதற்காகத்தான். வேறு ஒன்றுக்குமில்லை.

10 நவம்பர், ஞாயிறு

தோப்பூர்க் காணியைப் பார்த்தோம், மூன்று பேரும். போன கிழமை கொட்டின மழை. முதல் வேலையாக மரங்களைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் ஒரு கோடும் இல்லை. பற்றைக் காடுதான். நாலு புளி, ஒரு பெரிய வேம்பு, பாதி இடிந்த கிணறு. பாங்கு கேட்கிற தூரத்தில் பள்ளி. பஸ் றோட்டுக்கு நடந்தால் அரை மணித்தியாலம்.

யானை வருமா என்று கேட்டேன். "வரும். ஆனா வருஷத்துக்கு ஒருக்கா" என்றாள் மைமூனா, பெருநாளைக்குச் சொந்தக்காரர் வருகிற மாதிரி.

இவர் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். இழுத்து, நனைந்த இடத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். தண்ணீரை வாயில் வைத்தார். பிறகு, அல்லாஹ் சாட்சி, வாயைத் திறந்தார்.

"நஜ்மு, இங்க இருப்பம்."

முப்பது வருஷத்தில் முதல் முறை. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் என்று சொல்லிவிட்டேன்.

நிலம் அவளுடையது. வேலை முடிய இவருக்கு வருகிற காசை நம்பிக் கட்டுகிற மண் வீடு எங்களுடையது. இரண்டு அறை, ஒரு குசினி. குசினி எனக்கு. மரைக்காரிடம் போய் அதற்கும் ஒரு ஃபாத்திஹா ஓதச் சொன்னேன். குசினிக்கா என்றார். ஓம், குசினிக்குத்தான், இந்தப் பொம்பிளையோடு எனக்கு இனி ஓதாமல் ஒரு கதையும் இல்லை என்றேன்.

27 டிசம்பர், வெள்ளி

வீட்டை வெறுமையாக்கினோம். அம்மி, உரல், கோழிக்கூடு எல்லாம் மாட்டு வண்டியில். கோழிக்கூட்டையும் சேர்த்துத் தருவதாகத்தானே சொன்னீர்கள் என்று ஸாலிஹா சிரித்தாள். கோழிக்கு நான் ஃபாத்திஹா ஓதவில்லை என்றேன்.

ரபீக்கா இன்றைக்கு அழுகிறாள். போகாதீங்க உம்மா, அவரிட்டச் சொல்லுறன் என்கிறாள். இந்த அழுகையை ஜூலையில் அழுதிருக்க வேண்டும். தையல் மெஷினை ஒருதரம் நிறுத்தியிருக்க வேண்டும். சாவியை அவள் கையில் வைத்தேன். முத்தம் கொடுத்தேன். மன்னித்தேன் என்று எழுத மாட்டேன்.

பின் அறை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

12 ஜனவரி 1975, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. டயறியில் நாட்களும் முடிந்துவிட்டன. பின் பக்கத்து வெறுந்தாளில் எழுதுகிறேன்.

மூன்று நாளாக மழை. தண்ணீர் வேம்புக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. கூரை ஒரு இடத்தில் ஒழுகுகிறது, இவர் சட்டி வைத்திருக்கிறார், கயிறு கட்டி ஒழுக்கை நிறுத்துகிறாராம். காலையில் மைமூனா என் குசினிக்குள் வந்து மீன் ஆணத்துக்குப் புளி காணாது என்றாள். ஃபாத்திஹாவை ஞாபகப்படுத்தினேன். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு மறுபடி புளி காணாது என்றாள். பகல் லுஹர் தொழுகை வரைக்கும் சண்டை. சாப்பிடும்போது பார்த்தேன், புளி காணாதுதான். சொல்லவில்லை.

பிறகு வீடு கூட்டினேன். மைமூனா கிணற்றடிக்குப் போயிருந்தாள். அவளின் பாய், விடிந்து இவ்வளவு நேரமாகியும், அறை நடுவில் விரித்தபடி கிடந்தது. சுருட்டச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன்.

அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு வந்தேன்.