பக்கத்தில் வரும் சொல்

என்னங்க, நலமா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

இன்று துறைத்தலைவர் என் ஆங்கில வகுப்பில் வந்து உட்கார்ந்தார். என் வேலை நீடிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ‘எவிடன்ஸ்’ (சான்று) என்ற சொல் வரும் வரிகளாகக் கணினி திரட்டியதைத் திரையில் காட்டி, “எவிடன்ஸ் பக்கத்துல எந்தச் சொல் அடிக்கடி வருது? நீங்களே கண்டுபிடிங்க” என்றேன். எல்லோரும் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

“நீங்களே சொல்லிட்டுப் போங்களேன்” என்றார் தலைவர். அவருக்கென்ன! நான் சொன்னால் பாடமே போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு மாணவி, “ஸ்ட்ராங்தான் திரும்பத் திரும்ப வருது, மேடம்” என்றாள். எனக்கு உயிர் வந்தது. தலைவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போனார். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

பாப்பா பேசுவதை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். நான் அங்கே இருந்தபோது ‘அம்மா’வுக்குப் பக்கத்தில் ‘வா’ வரும். இப்போது என்ன வருகிறதென்று கேட்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது. ‘அம்மா எங்கே’ என்று வந்தாலும் வெட்டாமல் அனுப்புங்கள்.