பலகைச் சாவி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்வப்பிரியாவுக்கு அப்பன் எழுதுவது. இங்கே ஊட்டில் எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேணும். போனில் பேசினால் நடுவில் பேச்சை மாற்றிப்போடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டுக் கௌசிக்கிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நாற்பது ஆஸ்பத்திரி வெப்சைட்டையும் எழுதி நடத்த இரண்டு சாஃப்ட்வேரில் ஒன்றை எடுக்கப் போகிறார்கள், வியாழக்கிழமை மீட்டிங் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பெரிய பேர் உள்ளதில் ஒரு வரி மாற்றவும் தலைமை ஆபீஸ் ஒப்புக்க வேணும், மற்றதில் அந்தந்த ஆஸ்பத்திரிக்காரங்களே மாற்றிக்கலாம், அதுதான் சரி, ஆனால் மேனேஜருக்குப் பெரிய பேர்தான் பிடித்திருக்கிறது, நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு, வாயைத் திறக்க மாட்டேன் என்றாயாம்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது அம்மிணி, கடை தெரியும். நம்ம தேவிகுளம் அரிசிக்கடை வாசலில் கண்ணாடிப் பலகை இருக்குதல்ல, அதன் சாவி இத்தனை வருசமும் என் இடுப்பில்தான். வாரம் ஒருக்காப் போய் நானே எழுதிப் பூட்டிவிட்டு வருவேன், கடை பார்க்கிற ஜெகன் விலையை மாற்றிவிடுவானோ என்று பயம். போன மாசம், ஞாயிற்றுக்கிழமை அரிசி வரும் என்று எழுதிவிட்டு வந்தேன். லாரி வாளையார் செக்போஸ்டில் நின்றுபோச்சு. சனிக்கிழமையே ஜெகனுக்குச் சொன்னேன், மேலே காகிதம் ஒட்டட்டுமா என்று கேட்டான், பலகையைத் தொடாதே என்றுவிட்டேன். மறுநாள் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் இருபது பேர் மழையில் சாக்கோடு நடந்து வந்திருக்கிறார்கள். அதில் முருகேஸ்வரி என்கிற அம்மா ஜெகனைக் கேட்டாளாம், "ஒனக்குத்தான் நேத்தே தெரியும்ல, அப்புறம் ஏன் எழுதிப் போடல?" அவன் தலையைக் குனிந்துகொண்டானாம். குனிய வேண்டியது நான். அரிசிக்கு ஒரு நாள் பொறுக்கலாம், உங்கள் வெப்சைட்டில் மாற்றாததால் அவசரப் பிரிவு மூடியிருப்பது தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்?

சாவியை இப்போது ஜெகனிடம் கொடுத்துவிட்டேன், விலை மட்டும் என்னைக் கேட்காமல் எழுதக்கூடாது. நீயும் யார் எதைத் தொடலாம் என்று பிரித்து வைக்க முடியுமா பார். பின்னால் அந்த சாஃப்ட்வேரை வேண்டாமென்று விடும்போது நம்ம எழுதினது மொத்தமும் எடுத்துக்கொண்டு வரலாமா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டுப்போடு. என் முதல் கடையைக் காலி செய்தபோது, நான் காசு போட்டுச் செய்த அலமாரியைச் சுவரோடு கட்டினது, நகராது என்று கட்டடச் சொந்தக்காரன் சொல்லித்தான் எனக்கே புத்தி வந்தது.

மேனேஜர் முகம் சுருங்கும், சுருங்கட்டும். முருகேஸ்வரி கேட்ட கேள்வியை உன்னை யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே. மகராசியாக இரு கண்ணு. காதுக்குக் குல்லாய் போடச் சொல்கிறாள் அம்மா. வியாழக்கிழமை பேசிவிட்டு வந்து போன் பண்ணு. பேசாமல் வந்தாலும் பண்ணு.

உன் அப்பன்,
கந்தப்பன்